ரங்கூன் வெக்கையில் டெவலப்பரும் ஹைப்போவும்

ரங்கூனில் இன்னமும் கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுகிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது, கெமிக்கல் எங்கே கிடைக்கிறது என்பதுதான். கிடைப்பது சிரமம்தான். சென்னை, சிங்கப்பூர், பாங்காக் பக்கம் போய்வரும் சொந்தக்காரர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டால் வரும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால், வாங்குவதைவிட வாங்கியதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. ஏப்ரலில் இங்கே பகல் வெப்பம் சராசரியாகவே 37 டிகிரியைத் தொடும். மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை நீளும். வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர் இது. ஜாடியில் உப்பு நீர்த்துப் போகும், தோல் செருப்பில் பூசணம் பூக்கும். அந்தக் காற்றில்தான் நம் கெமிக்கல்களும் இருந்தாக வேண்டும்.

நான் இந்த வேலையைக் கற்றது பெரியப்பாவிடம். கலர் லேப்கள் வந்த பிறகு அவருடைய ஸ்டூடியோ மங்கி, கடைசியில் மூடிவிட்டார். அவருடைய இருட்டறைப் பழக்கங்கள் என்னிடம் தங்கிவிட்டன. அவர் சொல்லித் தந்ததில் நான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான்: ஒவ்வொரு கெமிக்கலும் ஒவ்வொரு காரணத்தால் கெடுகிறது. ஃபிலிமில் படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பருக்குக் காற்று ஆகாது. அந்தப் படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸருக்கு, அதில் கரைக்கிற ஹைப்போ உப்புக்கு, சூடு ஆகாது. தூளுக்கு ஈரம் ஆகாது. எல்லாவற்றையும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி பாட்டிலில் அடுக்கிவைத்து, எல்லாம் ஆறு மாதம் இருக்கும் என்று நம்பினால் நம் ஊரில் நஷ்டம்தான்.

டெவலப்பரில் இருந்து தொடங்குகிறேன். அதிகம் பாழாவது அதுதான்.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப் போகிறதே, டெவலப்பர் பாட்டிலுக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். டெவலப்பரில் படத்தைக் கொண்டுவருகிற மெட்டால், ஹைட்ரோகுவினோன் இரண்டும் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சக்தி இழந்து பழுப்பாகின்றன. அதைத் தடுக்கத்தான் டெவலப்பரில் அத்தனை சோடியம் சல்ஃபைட் போடுகிறார்கள். டி-76ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1927இல் கோடாக் கொண்டுவந்த இந்த ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். சல்ஃபைட் மட்டும் 100 கிராம். ஆக்சிஜனுக்கு முதலில் பலியாவதற்கென்றே நிற்கிற காவல்காரன் அது.

கலந்த டி-76 ஸ்டாக், அதாவது இன்னும் நீர்க்காத மூலக் கரைசல், நிரம்பிய, இறுக மூடிய பாட்டிலில் 6 மாதம், பாதி நிரம்பிய பாட்டிலில் 2 மாதம் என்பது கோடாக் சொல்லும் கணக்கு. இந்தப் பாதி பாட்டில் விஷயத்தைப் பலர் அரைகுறையாகப் புரிந்துகொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி காலி என்றால் உள்ளே 500 மில்லி காற்று. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 105 மில்லி அளவுக்கு ஆக்சிஜன். அது முழுவதும் சல்ஃபைட்டைத் தின்றாலும் சுமார் 1 கிராம்தான் போகும். மிச்சமுள்ள அரை லிட்டர் டெவலப்பரில் 50 கிராம் சல்ஃபைட் இருக்கிறது. ஆக, ஒரு தடவை அடைபட்ட காற்று அவ்வளவு பெரிய கொலைகாரன் இல்லை. ஒவ்வொரு தடவை மூடியைத் திறக்கும்போதும் புதுக் காற்று உள்ளே போகிறதே, அங்கேதான் அடி. அதோடு, சரியாக உட்காராத மூடி. நம் ஊரில் பகலில் சூடேறி ராத்திரி குளிரும்போது பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து சுருங்கும். மூடி கொஞ்சம் தளர்வாக இருந்தால் தினமும் ஒரு வாய்க் காற்றை வெளியே விட்டு, புதுசாக ஒரு வாய் இழுத்துக்கொள்ளும். பாதி காலியான பாட்டில் அதிகமாக இழுக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் தீர்வு தானாக வருகிறது. பெரிய பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் ஸ்டாக் கலந்தால் உடனே நான்கு 250 மில்லி பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடிவிடுவேன். ஒரு ஃபிலிமுக்கு ஒரு பாட்டில். 250 மில்லி ஸ்டாக்கோடு 250 மில்லி தண்ணீர் சேர்த்து ஒன்றுக்கொன்று கலவையாக 500 மில்லி. கழுவி முடித்ததும் கொட்டிவிடுவது. ஒரு பாட்டில் அதன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் திறக்கப்படும். மற்ற மூன்றும் கலந்த நாளில் இருந்தபடியே இருக்கும். பாட்டிலுக்குள் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை உயர்த்துகிறவர்களும் உண்டு. அது வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவையும் திறந்து குண்டு போட வேண்டும், ஊற்றும்போது குண்டுகள் வாயை அடைக்கும், கழுவிக் காயவைப்பது தனி வேலை. லைட்டருக்கு நிரப்பும் கேஸைப் பாட்டிலுக்குள் அடித்துக் காற்றை வெளியேற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்து அறையில் அடுப்பு எரிகிற நம் வீடுகளில் அந்த யோசனையே வேண்டாம்.

பாட்டில் எதனால் ஆனது என்பதும் முக்கியம். கண்ணாடிதான் முதல். அதன் வழியாக ஆக்சிஜன் போகாது. பிளாஸ்டிக்கில், சோடா பாட்டில் செய்கிற பெட் (PET) ரகம் பரவாயில்லை. வெள்ளையாக, பால் நிறத்தில், அழுத்தினால் மெத்தென்று இருக்கும் கேன்கள் ஆக்சிஜனை மெல்ல மெல்லக் கசியவிடும். அதில் ஃபிக்ஸர் வைக்கலாம், டெவலப்பர் கூடாது. மடிப்பு மடிப்பாக அமுங்கும் பாட்டில்களை டார்க் ரூம் சாமான் என்று சொல்லி விற்கிறார்கள். அந்த மெல்லிய பிளாஸ்டிக்கும் காற்றை விடுகிறது, மடிப்புக்குள் படியும் கறையும் போகாது. அதற்குச் செலவழிக்கிற பணத்துக்குப் பழைய பாட்டில்காரரிடம் பத்து இருபது கண்ணாடி பாட்டில் வாங்கிவிடலாம். நான் அப்படித்தான் வாங்குகிறேன். இருமல் மருந்து வந்த பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் கிடைத்தால் யோகம். ரம் வந்த தட்டை பாட்டிலும் நன்றாக இருக்கும். ஆனால் அதன் அலுமினிய மூடியை அப்படியே போடக் கூடாது. டெவலப்பரில் உள்ள காரம் அலுமினியத்தை அரிக்கும். உள்ளே பிளாஸ்டிக் வில்லை வைத்த பிளாஸ்டிக் மூடியாகத் தேடிப் பொருத்த வேண்டும். மூடி சரியா என்று பார்க்க, பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தலைகீழாக ஒரு ராத்திரி காகிதத்தின் மேல் நிற்க வையுங்கள். காலையில் காகிதத்தில் ஈரம் தெரிந்தால் அந்த மூடி டெவலப்பருக்கு ஆகாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர். பக்கெட்டில் பிடித்து வைத்தால் இரண்டு நாளில் அடியில் செம்பழுப்புக் கறை விழும். அது இரும்பு. இரும்பும் செம்பும் துளி அளவு இருந்தாலே டெவலப்பர் ஆக்சிஜனோடு சேர்வது வேகமாகிவிடும். எக்ஸ்டால் போன்ற, வைட்டமின் சி வகையைச் சேர்ந்த டெவலப்பர்களுக்கு இது இன்னும் ஆபத்து. 1996இல் வந்த எக்ஸ்டால் அருமையான டெவலப்பர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது செத்தாலும் நிறம் மாறாது. தெளிந்த தண்ணீர் மாதிரியே இருக்கும்; ஃபிலிமைப் போட்டு எடுத்தால் ஒன்றுமே இருக்காது. நிறம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது துரோகம் செய்யும். மழைக்காலத்தில் கரண்டும் இல்லாத ரங்கூனுக்கு எக்ஸ்டாலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கரண்ட் போவதால் நமக்கு வந்த ஒரு நன்மை, தெருவுக்குத் தெரு பேட்டரிக் கடை. இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் அங்கே மலிவாகக் கிடைக்கும். நான் கடைக்குப் போன் செய்தால் பையன் கொண்டுவந்து, பால்கனியில் இருந்து தொங்குகிற கயிற்றுக் கிளிப்பில் பையை மாட்டிவிட்டு மணியை இழுப்பான். மேலே இழுத்துக்கொள்வேன். ஒரு எச்சரிக்கை: அதே கடையில் பேட்டரி ஆசிடும் அதே அளவு பாட்டிலில் இருக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்கவே கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு துளியைச் சமையல் சோடா மேல் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது ஆசிட். வடித்த தண்ணீர் கிடைக்காத நாளில் குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கொதிக்கும்போது கரைந்திருக்கும் ஆக்சிஜனும் பெருமளவு வெளியேறிவிடும். 50 டிகிரி வரை ஆறியதும் தூளைப் போட்டுக் கரைக்கலாம். கலக்கும்போது லஸ்ஸி கடைகிற மாதிரி அடிக்காமல், கண்ணாடிக் குச்சியால் மெதுவாகச் சுழற்றினால் போதும். மெட்டாலை முதலில் போடுங்கள். சல்ஃபைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது முழுசாகக் கரைந்த பிறகு மீதிச் சல்ஃபைட்.

டி-76 பழசாகும்போது உடனே பலவீனமாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் முதலில் அது கொஞ்சம் முறுக்கேறும். ஹைட்ரோகுவினோனும் சல்ஃபைட்டும் ஆக்சிஜனோடு சேரும்போது காரம் பிறக்கிறது. 2 கிராம் வெங்காரத்தால் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அதனால் கலந்து சில வாரம் ஆன பாட்டிலில் கழுவிய நெகட்டிவ், புதுசில் கழுவியதைவிடக் கெட்டியாக வரும். கல்யாண ஆல்பத்துக்காக இரண்டு ஃபிலிமை வெவ்வேறு வாரத்தில் கழுவினால் பிரிண்ட் போடும்போது வித்தியாசம் தெரியும். இதனால்தான் நான் டி-23க்கு மாறினேன். மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர் வரை. அவ்வளவுதான். ஹைட்ரோகுவினோனும் இல்லை, வெங்காரமும் இல்லை. இரண்டே தூள், இரண்டும் எளிதாகப் பெட்டியில் வரும். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் தானியம் மென்மை, நிழல் பகுதியில் விவரம் நன்றாக வரும். வானம் வெளுத்துக் கிடக்கும் நம் வெயிலில் ஷ்வேடகோன் பகோடா போன்ற பளபளப்பை எடுப்பவர்களுக்கு அதன் மிதமான கான்ட்ராஸ்ட் ரொம்ப உதவும்.

எதையும் கலக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ரோடினால் என்ற திரவ டெவலப்பர் இருக்கிறது. 1891இல் வந்தது. கறுத்த காப்பி நிறமாகும், மூடியில் உப்புப் பூக்கும், பார்த்தால் கெட்டுப்போனது மாதிரியே இருக்கும். ஆனாலும் வருஷக்கணக்கில் வேலை செய்யும். 500 மில்லி தண்ணீருக்கு 10 மில்லி. ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து உடனே மூடிவிட வேண்டும். வேகமான ஃபிலிமில் தானியம் பெரிதாகத் தெரியும் என்பதால் எனக்கு அது இரண்டாவது தெரிவுதான். அவசரத்துக்கு ஒரு பாட்டில் எப்போதும் வைத்திருப்பேன்.

எந்த டெவலப்பராக இருந்தாலும் கழுவுவதற்கு முன் சோதித்துவிடுவது பழக்கமாக வேண்டும். கேமராவில் ஏற்றும்போது வெளிச்சம் பட்ட ஃபிலிம் நாக்கை வெட்டித் தூக்கிப் போடுகிறோம் அல்லவா, அதைச் சேர்த்து வையுங்கள். வெளிச்சத்திலேயே ஒரு துண்டு எடுத்து, கலந்து வைத்த டெவலப்பரில் பாதி நனையும்படி தொங்கவிடுங்கள். நனைந்த பாதி சில நிமிஷத்தில் கறுத்துக்கொண்டே வந்து அட்டைக் கறுப்பாக வேண்டும். சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டால் அந்த பாட்டிலை நம்பி ஒருவர் வீட்டு விசேஷத்தைக் கழுவக் கூடாது. பிறகு அதே துண்டை ஃபிக்ஸரில் போட்டால் கறுக்காத பாதி கண்ணாடி மாதிரி தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தெரிந்துவிடும். புது ஃபிக்ஸரில் ஆன நேரத்தைக் குறித்து வைத்திருந்தால், அது இரண்டு மடங்கானதும் அந்த ஃபிக்ஸர் முடிந்தது என்று அர்த்தம். ஒரே துண்டில் இரண்டு சோதனையும் முடிந்துவிடும்.

அடுத்தது சூடு. பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரி மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 20 டிகிரியில் 6 மாதம் என்றால் 30 டிகிரியில் 3 மாதம், தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரியில் ஒன்றரை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் எதற்கும் உதவாத சாமான் எல்லாம் பரணுக்குப் போகும். கெமிக்கலைப் பரணில் ஏற்றவே கூடாது. வீட்டிலேயே சூடான இடம் அதுதான். தரையோரம், உள்ளறை, வெயில் படாத சுவர், குளியலறைக்குப் பக்கம், இவைதான் சரியான இடம்.

வெயில் காலத்துக்குப் பெரியப்பா வைத்திருந்த ஏற்பாட்டை நான் அப்படியே தொடர்கிறேன். அகன்ற மண்பானை ஒன்று. சுற்றிலும் நனைத்த சாக்கு. உள்ளே பாட்டில்கள். மேலே தட்டு. தெருவோரத்தில் வழிப்போக்கருக்காக வைக்கிறார்களே தண்ணீர்ப் பானை, அதில் தண்ணீர் குளிர்வது எப்படியோ இதுவும் அப்படித்தான். காலையும் மாலையும் சாக்கில் தண்ணீர் தெளித்தால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உள்ளே அறையைவிட நன்றாகவே குளிர்ந்திருக்கும். கரண்ட் இருந்தாலும் போனாலும் பானைக்குக் கவலை இல்லை. மழை பிடித்த பிறகு இது பயன்படாது. காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது சாக்கில் தண்ணீர் ஆவியாகாது. ஆனால் அப்போது அறையும் அவ்வளவு சூடாக இருக்காது.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சாப்பாடு இருக்கும் இடத்தில் இந்தச் சாமான் இருக்கவே கூடாது. தனி ஃபிரிட்ஜ் இருந்தாலும், குளிரில் ஸ்டாக் டெவலப்பரில் கரைந்தது படிகமாக அடியில் இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் மேலே தெளிந்ததை ஊற்றினால் டெவலப்பரில் பாதிச் சத்து இருக்காது. கரண்ட் வந்து போகிற ஊரில் குளிர்வதும் சூடாவதுமாக இருக்கிற பெட்டி, ஒரே சூட்டில் இருக்கும் தரையைவிட மோசம்.

சூட்டால் அதிகம் கெடுவது அமில ஃபிக்ஸர். ஹைப்போ அமிலத்தில் நெடுநாள் நிற்கப் பிடிக்காத சரக்கு. அதில் உள்ள சல்ஃபைட் தீர்ந்ததும் கந்தகம் பிரியத் தொடங்கும். முதலில் பால் கலந்த மாதிரி லேசாகக் கலங்கும். அப்புறம் அடியில் மஞ்சள் பொடி படியும், மூடியைத் திறந்தால் மூக்கை எரிக்கும். ஒரு சமயம் கடையில் வாங்கிய, வேகமாக வேலை செய்கிற ராபிட் ஃபிக்ஸர் சீல் பிரிக்கும் முன்பே அடியில் மஞ்சளாக இருந்தது. எத்தனை கோடையை எந்தக் கிடங்கில் கழித்ததோ. அப்படி மஞ்சள் படிந்ததை வடிகட்டிப் பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். ஒரு முறை தொடங்கிவிட்டால் அது நிற்காது, கந்தகம் ஃபிலிமிலும் பேப்பரிலும் உட்காரும். வாங்கும் முன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பாருங்கள்.

அதனால் நான் சாதாரண ஹைப்போ படிகத்தையே வாங்கி, வேண்டிய அன்றைக்குக் கரைத்துக்கொள்கிறேன். ஒரு லிட்டருக்கு ஹைப்போ 250 கிராம், சல்ஃபைட் 20 கிராம். அமிலம் சேர்ப்பதில்லை, அமிலம் இல்லாததால் கந்தகம் பிரியும் பயம் பெரிதாகக் குறைகிறது, வாடையும் இல்லை. டெவலப்பரின் வேலையை நிறுத்தும் அமிலக் குளியலான ஸ்டாப் பாத்துக்குப் பிறகு ஒரு முறை தண்ணீரில் அலசிவிட்டு இதில் போட வேண்டும், இல்லையென்றால் அமிலத்தை நாமே சுமந்துகொண்டு போய் சேர்க்கிறோம். ஹைப்போ கரையும்போது தண்ணீரின் சூட்டை உறிஞ்சும். 50 டிகிரித் தண்ணீரில் தொடங்கினால் கரைந்து முடிவதற்குள் சூடு நன்றாகவே இறங்கிவிடும். குழாய்த் தண்ணீரிலேயே கரைத்தால் மழைக்காலத்தில் ஜாடிக்கு வெளியே வியர்த்துச் சொட்டும். படிகத்தை மூடிய டப்பாவில் வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். ஆனால் 48 டிகிரியில் அது தன்னிடம் உள்ள தண்ணீரிலேயே உருகிக் கட்டியாகிவிடும், ஆக அதுவும் பரணுக்கு வேண்டாம். இந்தச் சாதா ஃபிக்ஸர் மெதுவானது. பழைய ரக ஃபிலிமுக்குப் பத்து நிமிஷம் கொடுப்பேன். டி-மேக்ஸ், டெல்டா போன்ற புது ரக ஃபிலிம் எடுப்பவர்களுக்கு ராபிட் ஃபிக்ஸர்தான் சரி. அவர்கள் சின்ன பாட்டிலாகப் பார்த்து வாங்கட்டும்.

ஸ்டாப் பாத் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அசிட்டிக் அமிலம் கெடவே கெடாது, விமானத்தில்தான் கொண்டுவர முடியாது. சந்தையில் கிடைக்கும் நிறமில்லாத வினிகர் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் போதும். வினிகருக்குப் பதில் சிட்ரிக் அமிலம் என்றால் அதைத் தூளாக வைத்திருந்து அன்றன்றைக்குக் கரையுங்கள். கரைத்து வைத்தால் மழைக்காலத்தில் ஒரு வாரத்தில் பஞ்சு மாதிரி பூசணம் மிதக்கும்.

இப்போது தூளுக்கு வருகிறேன். என் கணக்கில் ரங்கூனில் கெமிக்கலைக் காக்க மிகச் சிறந்த வழி, அதைக் கரைக்காமல் தூளாகவே வைத்திருப்பதுதான். தூளுக்கு ஈரம் மட்டும்தான் பகை, ஈரத்தை அடக்க நம்மிடம் வழி இருக்கிறது. சல்ஃபைட் ஈரக் காற்றில் கட்டிப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சல்ஃபேட் ஆகிவிடும்; அப்புறம் அது காவல்காரன் வேலைக்கு ஆகாது. சில டெவலப்பர்களில் காரத்துக்காகச் சேர்க்கும் சோடியம் கார்பனேட் காற்றில் இருந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு எடை கூடும். தண்ணீரே இல்லாத கார்பனேட் 1 கிராமுக்குப் படிகச் சலவை சோடா என்றால் 2.7 கிராம் வேண்டும். பாதி ஈரம் குடித்த தூளை நிறுத்துப் போட்டால் என்ன போட்டோம் என்று யாருக்கும் தெரியாது. மெட்டால் லேசாகச் சாம்பல் நிறமானால் பயப்பட வேண்டாம், வேலை செய்யும். காப்பிப் பொடி நிறத்துக்கு வந்தால் விட்டுவிடுங்கள்.

நான் செய்வது இதுதான். நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரைக்கும் காற்று காய்ந்திருக்கும். அந்த மாதங்களில் ஒரு நல்ல வெயில் நாளில், மதியத்தில் டப்பாவைத் திறந்து வருஷத்துக்கு வேண்டியதை நிறுத்துவிடுவேன். மெட்டால் 7.5 கிராம் ஒரு சின்னப் பொட்டலம், சல்ஃபைட் 100 கிராம் ஒரு பெரிய பொட்டலம். கனமான பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயைச் சூட்டில் ஒட்டிவிடுவேன். இரண்டையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு லிட்டர் டெவலப்பர் தயார். மழை அடித்து ஊற்றுகிற ஜூலையில் பெரிய டப்பாவைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. தராசுக்குப் பத்தில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு போதும். நிறுக்கும்போது கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். மெட்டால் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும், சிலருக்கு ஒருமுறை வந்தால் பிறகு தொட்டாலே வரும்.

கம்பெனி பாக்கெட்டாக வாங்கும் டி-76ஐ மட்டும் இப்படிப் பிரிக்கக் கூடாது. உள்ளே தூள்கள் சீராகக் கலந்திருக்காது. மேலே ஒரு விகிதம், கீழே ஒரு விகிதம். முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரைத்துச் சின்ன பாட்டில்களில் அடைப்பதுதான் வழி.

பொட்டலங்களை வைக்கும் தகர டப்பாவில் ஈரம் உறிஞ்ச ஏதாவது வேண்டும். சிலிக்கா ஜெல் கிடைத்தால் நல்லது, நிறம் மாறியதும் வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். கிடைக்கவில்லை என்றால் வெற்றிலைக் கடைக்குச் சுண்ணாம்பு தயாரிப்பவர்களிடம் நீர் விடாத சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கேளுங்கள். பெரியப்பாவின் டப்பா எல்லாவற்றிலும் அதுதான். துணிப் பையில் கட்டி ஒரு மூலையில் வையுங்கள், ஈரம் குடித்துப் பொடியானால் மாற்றுங்கள். அது நேராகத் தண்ணீர் பட்டால் கொதிக்கும், ஆக குழந்தைகள் கைக்கும் ஈரக் கைக்கும் எட்டாமல் இருக்க வேண்டும். டப்பாவில் வறுத்த அரிசி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு ஜாடிக்குச் சரி, சல்ஃபைட்டுக்குப் போதாது.

இந்த ஊரின் மழையும் வெக்கையும் புகைப்படக்காரர்களைப் பழைய காலத்தில் இருந்தே சோதித்திருக்கின்றன. 1855இல் ஆவா அரசவை எனப்பட்ட பர்மிய அரசரின் அவைக்குப் போன பிரிட்டிஷ் தூதுக் குழுவோடு லின்னேயஸ் ட்ரைப் என்பவர் ஐராவதி ஆற்று வழியாகக் கேமராவும் கெமிக்கலும் சுமந்துகொண்டு போனார். மெழுகேற்றிய காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார். அதே மனிதர்தான் பிறகு சென்னை ராஜதானிக்குப் போய் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தவர். அவருடைய பாகான் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, படகில் அந்தக் கெமிக்கலை எப்படிக் காத்திருப்பார் என்பதுதான்.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ட்ரேயில் ஊற்றிய பேப்பர் டெவலப்பர் அகலமாகக் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒரு நாளைத் தாண்டாது. கரண்ட் போய்விட்டால் வரும் வரைக்கும் அதை அப்படியே விடாதீர்கள். ட்ரே அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக் தாளைக் கரைசலின் மேல் மிதக்கவிட்டால் காற்று படாது. ராத்திரி முழுக்க வராது என்று தெரிந்தால் பெட் பாட்டிலில் ஊற்றி, நிரம்பி வழியும் வரை அமுக்கி மூடுங்கள், மறுநாள் காலை பயன்படும். பழையதைப் புது ஸ்டாக்கோடு மட்டும் சேர்க்கக் கூடாது.

எல்லா பாட்டிலிலும் பெயர், கலந்த தேதி இரண்டும் எழுதியிருக்க வேண்டும். பேனாவில் எழுதிய காகித லேபிள் மழைக்காலத்தில் ஊறி உரிந்துவிடும். அழியாத மார்க்கரில் நேராகக் கண்ணாடியில் எழுதி, மேலே டேப் ஒட்டுங்கள். குடிக்கும் பானம் வந்த பாட்டிலைப் பயன்படுத்தினால் பழைய லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரிதாக விஷம் என்று தமிழிலும் பர்மியிலும் எழுதுங்கள். வீட்டுக்கு வரும் வேலைக்காரப் பெண்ணுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அது புரிய வேண்டும். தீர்ந்த ஃபிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பளியைப் போட்டு வையுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுத்த சேறாக அடியில் இறங்கும்.

புதிதாகத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்டால் வாங்கச் சொல்வது: மெட்டால் 75 கிராம், சல்ஃபைட் ஒன்றேகால் கிலோ, ஹைப்போ படிகம் 3 கிலோ. டெவலப்பருக்கு ஒரு கிலோ சல்ஃபைட் போனால் 10 லிட்டர் டி-23. ஃபிலிமுக்கு 250 மில்லி வீதம் 40 ஃபிலிம் கழுவலாம். மீதிக் கால் கிலோ சல்ஃபைட்டும் ஹைப்போவும் 12 லிட்டர் ஃபிக்ஸருக்கு ஆகும். பெட்டியில் கொண்டுவரும் சொந்தக்காரரிடம் தூளைப் பிரித்து வெறும் உறையில் கட்டித் தரச் சொல்லாதீர்கள். கடை லேபிள் ஒட்டிய, சீல் பிரிக்காத டப்பாவாக, பில்லோடு கொண்டுவரச் சொல்லுங்கள். விமான நிலையத்தில் பெயரில்லாத வெள்ளைத் தூளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.